ஓ.டி. லிஸ்டில் இரண்டாவது பெயர்

இது கதை இல்லை. நான் சொல்வது எதையும் என் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். புளுகிப் புளுகியே அதற்காக மூன்று வருடம் உழைத்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது. அதுவும் காலை பதினோரு மணிக்குச் சற்று முன்னால், பளிச்சென்ற விளக்குகளுக்குக் கீழே. பேய்க்கும் ஜெனரல் ஷிப்ட் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

நான் மயக்க மருந்துத் தொழில்நுட்பம் படிக்கிறேன், கடைசி வருடம். ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சி. அன்று மேசையில் படுத்திருந்தவர் மண்ணூர் ஜீவானந்தம். உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வலது நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். மயங்குவதற்கு முன் சிரித்தார்.

"சூப்பர்வைசருக்கு 'நாளைக்கு ஓ.டி.ல இருப்பேன்'னு மெசேஜ் போட்டேன் தம்பி. மனுசன் ஓவர்டைம்னு நெனச்சுக்கினு லிஸ்ட்ல பேரை ஏத்திட்டாரு."

எங்கள் பக்கத்தில் ஓ.டி. என்றால் ஓவர்டைம்தான். ஆபரேஷன் தியேட்டர் என்று யாருக்கும் தோன்றாது. நானும் சிரித்தேன்.

மயக்க மருந்து டாக்டர் மெர்சி மேடம் எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. வலது நுரையீரலை அடைத்ததும் இடதுக்கு மட்டும் இயந்திரம் மூச்சுக் கொடுக்கும். இரண்டுக்கும் கொடுத்த காற்றை ஒன்றுக்குள்ளேயே திணித்தால் அதுவும் கெட்டுப்போகும். ஜீவானந்தத்திடம் நல்லதாக இருக்கும் நுரையீரல் அது ஒன்றுதான்.

"அடைச்ச உடனே, ஒரு மூச்சுக்கு நானூறு மில்லிங்கிறதை இருநூத்தி எழுபதுக்கு எறக்கிடு. மறந்தா அந்த ஆளு வீட்டுக்குப் போக மாட்டார்," என்றார் மேடம். வெளியே பெஞ்சில் ஜீவானந்தத்தின் மனைவி ரஞ்சனி, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

10:48. மேடம் வலதை அடைத்துவிட்டு, ரத்த வங்கியோடு பேச போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அதே நேரம் சர்ஜன் விளக்கைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இன்னொரு விளக்கு. அதையும் பிடித்தேன். ஓயாமல் கத்துகிறதே என்று அலாரத்தின் வாயை அடைத்து வைத்ததும் நான்தான்.

எண் இறங்கவில்லை. நானூறு.

10:50. பின்னால் சத்தம்.

டக்... டக்... டக்...

சேஃப்டி ஷூ. இரும்பு முனை வைத்தது. தியேட்டருக்குள் எல்லோருக்கும் ரப்பர் செருப்புதான்.

எண்ணெய் வாடை. மெஷின் எண்ணெய்.

காதருகே, அலுத்துப்போன தெற்கத்திக் குரல்.

"ஒரு லைன் நின்னுட்டுல்லா... ரெண்டு லைன் லோடையும் இது தலையிலயே ஏத்துனா தாங்குமாடே?"

திரும்பவில்லை. முடியவில்லை.

திரையில் மூச்சுக்காற்றின் அழுத்தம் 38, சிவப்பில்.

ஸ்ஸ்ஸ்...

31.

ஸ்ஸ்ஸ்...

20.

காற்று... இருநூற்று எழுபது.

இயந்திரத்தின் குமிழைத் திருப்பி, ஒருமுறை அழுத்தினால்தான் அந்த எண் மாறும். என் இரண்டு கைகளும் விளக்கில் இருந்தன.

குமிழின் மேல் கறுப்பு எண்ணெய். ஒரு கட்டைவிரல் ரேகை.

மேடம் வந்து பார்த்து, "கரெக்டா எறக்கிட்ட," என்றார். அந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் என்னுடையது இல்லை. இயந்திரத்தின் பதிவில் நேரம் இருந்தது: 10:51.

ஜீவானந்தம் பிழைத்தார். மூன்றாம் நாள் அவருடைய சூப்பர்வைசர் வெங்கடேசன் சாத்துக்குடியோடு வந்தார். லிஸ்ட் குழப்பத்தை நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையின் வருகைப் பதிவைப் போனில் காட்டினார். ஆபரேஷன் நாளின் ஓ.டி.யில் இரண்டு பெயர். ஜீவானந்தம், ஆப்சென்ட். அதற்குக் கீழே, வனமாமலை.

யார் என்று கேட்டேன்.

"நாங்குநேரி ஆளு. இவனுக்கு வேல கத்துக் குடுத்தவரு. ஒரு லைன் நின்னா அந்த லோடையும் பக்கத்து லைன்ல ஏத்தாதீங்கன்னு எங்கிட்ட சண்ட போட்டுக்கினே இருப்பாரு." போனை என் கையில் கொடுத்தார். "போன வருசம் செத்துட்டாரு தம்பி. இதே ஆஸ்பத்திரி. ஒரு பக்கத்து நுரையீரல மூடுனாங்களாம். இன்னொண்ணு தாங்கலன்னாங்க."

ஜீவானந்தம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வனமாமலையின் பெயருக்கு நேரே, உள்ளே வந்த நேரம்: 10:50.

வெளியே போன நேரம்... காலி.

நாளை மறுபடியும் எனக்கு அதே ஓ.டி.