தொலைபேசி கேட்கும் தூரம்

ரிஷிகேசனுக்குச் சைக்கிள் பைத்தியம் என்பது ஒஸ்லோவின் ஓரத்துப் பியோர்ண்டாலில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடியிருப்பில் ரகசியம் தங்காது. நான்காம் மாடியில் கருவாடு பொரித்தால் முதலாம் மாடி நோர்வேக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அப்படியான இடத்தில் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் ஊர் பார்க்காமல் இருக்குமா? தமிழ்ச் சனம் முதலில் தலையைக் குனிந்துகொண்டது, பிறகு சிரித்தது, பிறகு பழகிவிட்டது.

தகப்பன் வரதராசா பஸ் ஓட்டுபவர். மகனின் பைத்தியம் தன் தொழிலுக்கே அவமானம் என்பது அவருடைய கட்சி.

"நான் ஊரிலை சைக்கிள் ஓடினது பஸ் இல்லாதபடியால். இவன் தேப்பன் பஸ் ஓட, அதுக்குப் பின்னாலை சைக்கிளிலை வாறான்," என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அதை மறைக்க அவருக்குத் தெரியாது.

பெருமைப்பட விஷயம் இருந்தது. அந்தச் சைக்கிளை ரிஷி கடையில் வாங்கவில்லை. லில்லெஸ்ட்ரோமில் யாரோ கழித்துவிட்ட பழைய இரும்புச் சட்டத்தை ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து, கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற சாமான் அறையில் வைத்து, குளிர்காலம் முழுவதும் அதோடு குடித்தனம் நடத்தினான். கறள் உரசினான். சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, சத்தம் ஒத்து வரும்வரைக்கும் முறுக்கினான். செயினை எண்ணெயில் ஊறவிட்டுப் பழைய பல் பிரசால் தேய்த்தான். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் கொட்டிய சரளைக்கல்லை நகரசபை கூட்டி அள்ளிய அன்றைக்கே அதை வெளியே எடுத்தான். சிக்கெருட் பக்கத்துக் காட்டுத் தெருவில், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறபோது அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் ஒதுங்கி இருக்கிற அதே பிள்ளைதான் இவன் என்று சொன்னால் அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் கோடையில், 2009 இல், அவனும் வகுப்புத் தோழன் ஐரிக்கும் பேர்கனுக்குச் சைக்கிளில் போவதாக இருந்தார்கள். மலையேறி, மேட்டுநிலம் கடந்து, வழியில் கூடாரம் அடித்துத் தங்கி, ஒரு வாரப் பயணம். அம்மா சிவமலர்கூட ஒத்துக்கொண்டிருந்தாள். பேர்கனில் ஆஸ்பத்திரி வேலைசெய்யும் தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒரு நேரமாவது சோறு தின்னவேண்டும் என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

பிறகு மே மாதம் வந்தது.

சிவமலரின் தம்பி குகநேசன் மனைவி உதயகுமாரியோடும் எட்டு வயது மகள் சாருகாவோடும் வன்னியில் இருந்தான். சண்டை இறுகுவதற்கு முந்திய காலத்தில், கிளிநொச்சியிலிருந்து அக்காவோடு கதைப்பதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். கொமினிக்கேசன் கடைக்குப் போய் ஒஸ்லோ வீட்டு இலக்கத்துக்கு அடிப்பான். ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவான். மறுபடி ஒரு மணி, மறுபடி வைத்துவிடுவான். அதை இங்கே ஒருவரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் அவன் காசு போய்விடும். சிவமலர் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, போன் கார்ட்டைச் சுரண்டி, அந்தக் கடைக்குத் திருப்பி அடிப்பாள். ஒஸ்லோவில் பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் நடைமுறை. ஆனால் இந்த வீட்டில் இரண்டு மணி என்றால் அது குகன். எல்லாரும் கைத்தொலைபேசிக்கு மாறிய பிறகும் சிவமலர் வீட்டுப் போனை வெட்டவிடவில்லை. தம்பிக்கு மனப்பாடமான இலக்கம் அது ஒன்றுதான்.

ஜூனில் ஒருநாள் அந்தப் போன் நீளமாக அடித்தது. சிவமலர்தான் எடுத்தாள். சண்டைக்குள்ளிருந்து வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில், உதயகுமாரி. தானும் பிள்ளையும் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன குகன் திரும்பி வரவில்லை என்றாள். அந்தப் பக்கம் விழுந்து கிடந்தவர்களுக்குள்ளே அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம்.

"நான் பொட்டை அழிச்சிட்டன், மச்சாள்," என்றாள். அதோடு போன் கைமாறிவிட்டது.

சிவமலர் நம்பவில்லை. கண்டவர் கிட்டப் போய்ப் பார்த்தாரா என்று கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லாமல், வீட்டுக்கு வந்த எல்லாரையும் கேட்டாள். தம்பியை எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒருநாள் இரண்டு மணி அடிப்பான் என்று மனத்தை இறுக்கிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து போனைத் தூக்க அவளுக்குக் கை வரவில்லை. அது அடித்தால் குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். வேலைக்கும் போகவில்லை, டொக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார். வரதராசாவுக்கோ காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம். ஆகவே அந்த வீட்டில் போன் எடுக்கிற ஆள் ரிஷி என்று ஆயிற்று. உலகம் முழுவதும் பரந்து கிடந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் அது தெரியும்.

ஐரிக்கிடம் பேர்கன் இல்லை என்று சொன்னான்.

"உன் அம்மா வீட்டில்தானே இருக்கிறார். அவர் எடுக்கமாட்டாரா?" என்று ஐரிக் கேட்டான். நியாயமான கேள்விதான். நோர்வேஜிய மொழி ரிஷிக்குத் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் அந்த மொழியில் இதை எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜூலை வந்தது. ஊர் கடலுக்கும் காட்டுக்கும் போய்விட்டது. ரிஷி வயரில்லாத கோட்லெஸ் வீட்டுப் போனைத் தன் சைக்கிள் சட்டையின் முதுகுப் பைக்குள் செருகிக்கொண்டு கீழே இறங்கினான். கார் தரிப்பிடம் வரைக்கும் போன் சும்மா இருந்தது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டினால் கரகரத்தது. பள்ளிக்கூடப் பாதையில் திரும்பினால் கீக்கீ என்று கத்தி உயிரை விட்டது. அந்த எல்லைக்குள்தான் அவனுடைய கோடை. தரிப்பிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் முதலில் டெலிபோன்காரன் என்று பகிடி பண்ணினார்கள். பிறகு காற்றுப் போன சில்லுகளையும் கழன்ற பிரேக்குகளையும் அவனிடம் கொண்டுவந்து போட்டார்கள். ஒன்றும் வாங்காமல் எல்லாம் திருத்திக் கொடுத்தான். மத்தியானத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் பிரான்சு நாட்டு மலைகளில் நடக்கிற பந்தயத்தைச் சத்தத்தை அமத்திவிட்டுப் பார்த்தான்.

போன் அடிக்காமலும் இல்லை. பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கிறவர்கள், காப்புறுதிக்காரர், டொரொன்டோவிலிருந்து அழுதபடி யோகராணி பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் அம்மா குசினி வாசலில் வந்து நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று தலையாட்டுவான். அவள் உள்ளே போய்விடுவாள். அந்தத் தலையாட்டல் அவனுக்கு வெறுத்துப்போய்விட்டது. மாமா செத்துத்தான் இருப்பார் என்று அவனுடைய மனம் எப்போதோ சொல்லிவிட்டது. அதற்காகத் தன்னைத் தானே ஏசிக்கொண்டும் இருந்தான்.

ஐரிக் தனியாகவே பேர்கனுக்குப் புறப்பட்டான். புறப்படுகிற காலையில், பைகளைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"ஊல்வேயாப் பாலம் வரைக்குமாவது வா," என்றான்.

ரிஷி மேலே போய் அம்மாவிடம் கேட்டான். கேட்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தான்.

"போட்டு வா. அடிச்சா நான் எடுக்கிறன்," என்றாள். போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஹொல்ம்லியா வழியாகக் கடல் வரைக்கும் ஒரே இறக்கம். காற்று காதுக்குள் இரைந்தது. ரிஷி பிரேக்கில் கை வைக்காமல் விட்டான், ஐரிக்கை முந்தினான், வாய்விட்டுச் சிரித்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு மாமாவும் இல்லை, முகாமும் இல்லை. பாலத்தடியில் ஐரிக் கைகாட்டிவிட்டு நகரப் பக்கமாக மிதித்துப் போனான். அவனுடைய மஞ்சள் சட்டை கார்களுக்குள் மறையும்வரைக்கும் ரிஷி நின்று பார்த்தான்.

பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. உண்மையாகவே போன் அடித்தால் அம்மா எடுப்பாளா? தன் கைத்தொலைபேசியில் வீட்டுக்கு அடித்துப் பார்த்தான். ஒரு மணி போனதும், அவள் பதறிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. வீணாக ஏன் பயப்படுத்துவான் என்று வெட்டினான். தண்ணீர் குடித்தான். மனம் கேட்கவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி ஒரு மணியோடு வெட்டிவிட்டு, ஏற்றத்தில் வீட்டுக்கு மிதித்தான்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அம்மா படியிலேயே நின்றாள்.

"அடிச்சிட்டான் ரிஷி. தம்பி அடிச்சிட்டான்." அவள் அழுதாள், சிரித்தாள், அவனுடைய வியர்த்த சட்டையைப் பிடித்து உலுப்பினாள். "ஒரு மணி. பிறகு ஒரு மணி. நான் எடுக்கேல்லை. எடுத்தா அவன்ரை காசெல்லே போகும். பேசாமல் இருந்திட்டன்."

ரிஷி திறந்த கதவுக்குள்ளால் போனைப் பார்த்தான். எந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது என்று அந்தப் போனில் பார்க்க முடியாது. அந்தச் சேவைக்கு மாதக்காசு கூட என்று வரதராசா எடுக்காமல் விட்டிருந்தார்.

"அம்மா, அது..."

"கதையாதை, வா, கார்ட்டைச் சுரண்டித் தா." கிளிநொச்சிக் கொமினிக்கேசன் கடையின் பழைய இலக்கத்துக்கு அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். அந்தக் கடையும் இல்லை, அது இருந்த தெருவும் இல்லை. அதை அவளும் அறிவாள். பிறகு அத்தனை நாளும் தொடப் பயந்த போனைத் தானே தூக்கி, டொரொன்டோவுக்கு எடுத்துச் சொன்னாள். லண்டனுக்கு எடுத்துச் சொன்னாள். அன்றைக்கு அவள் மீன்குழம்பு வைத்து, தானும் போட்டுச் சாப்பிட்டாள்.

மாலையில் தகப்பன் வேலையால் வந்தபோது, ரிஷி அவரைக் கீழே சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். வரதராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்ரை போனிலையிருந்தோ?"

"ஓம் அப்பா."

"ரெண்டு தரமோ?"

"ஓம்."

"இப்ப சொல்லாதை," என்றார். "எத்தினை நாளுக்குப் பிறகு அவள் ஒரு பிடி சோறு திண்டிருக்கிறாள். ரெண்டு நாள் போகட்டும். நான் பக்குவமாச் சொல்லுறன்."

பக்குவம் என்று அந்த மனிதர் சொன்னால் ஒத்திப்போடப் போகிறார் என்று அர்த்தம். இரண்டு நாள் போயிற்று, இரண்டு கிழமையும் போயிற்று. கதை மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணியாகப் புறப்பட்டது டொரொன்டோவில் ஒரு குரலாயிற்று. லண்டனுக்கு வந்தபோது அந்தக் குரல் எல்லாரையும் சுகம் விசாரித்தது. பேர்கனிலிருந்து ஐரிக் அனுப்பிய தபாலட்டை, அருவியும் மலையுமாய், திருப்பிப் படிக்காமல் ரிஷியின் மேசையில் கிடந்தது. சைக்கிள் கீழே பூட்டிக் கிடந்தது. தரிப்பிடத்தைச் சுற்றக்கூட அவன் இறங்கவில்லை.

ஓகஸ்டில் ஒரு காலை போன் நீளமாக அடித்தது. ரிஷி எடுத்தான். அம்மா இப்போது காதைப் பொத்துவதில்லை. ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

"ரிஷியோ? நான் மாமி." உதயகுமாரியின் குரல். "கனக்கக் கதைக்கேலாது தம்பி, இது ஆற்றையோ போன். மாமா உன்னோடை கதைச்சவராம். லண்டன்காரர் சொல்லிவிட்டவை. நீதானே எப்பவும் எடுக்கிறனீ?"

ரிஷி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"நான் திரும்பப் பொட்டு வைச்சிட்டன்," என்றாள் மாமி. "இஞ்சை யாழ்ப்பாணத்து ஆக்களை வெளியிலை விடுகினம். என்ரை அம்மா வீடு அங்கை எண்டபடியால் எங்கடை பேரும் வந்தது. நான் போகேல்லை எண்டு சொல்லிட்டன். அவர் தேடி வாறதெண்டா இஞ்சைதானே வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல். பரவாயில்லை, இருப்பம்."

உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று ரிஷிக்குத் தெரிந்தது. சொன்னால் அவள் நம்பப்போவதில்லை என்பதும் தெரிந்தது. மாமா இல்லை என்று சொன்னபோது அம்மா நம்பினாளா?

"மாமி, நீங்கள் போங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போங்கோ."

"ஏன் தம்பி? மாமா அப்பிடிச் சொன்னவரோ?"

போனுக்குள் யாரோ சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது கேட்டது. ரிஷி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓம் மாமி," என்றான். "உங்களைப் போகச் சொன்னவர். தான் அங்கை வாறாராம்."

மறுபக்கத்தில் மாமி விம்மியது கேட்டது. சாருகாவைக் கூப்பிட்டு, "அப்பா வீட்டை போகச் சொன்னவராம்," என்றாள். பிறகு தொடர்பு அறுந்தது. அவர்கள் இனி வெளியே வந்துவிடுவார்கள். வந்து, காலம் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் கோபம் இருந்தது. அதற்கு மேலே, பார்க்கவே முடியாத ஒரு சந்தோசம் இருந்தது.

"உன்னோடை கதைச்சவனோ? ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

அவன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப்போட்டான்.

"எனக்கு என்ன சொன்னவன்?"

"சுகம் கேட்டவர் அம்மா."

அவள் கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"இனி நீ ஒரு இடமும் போகாதை, அப்பன். உன்னோடைதானே கதைக்கிறான். திரும்ப அடிப்பான்."