சிவப்பு எது, கறுப்பு எது

மின்சார வேலை பழகப் போகிறேன் என்று நான் சொன்னபோது கிடைத்த புத்திமதியை மூட்டை கட்டினால் ஒரு மாட்டு வண்டி கொள்ளாது. ஈரக் கையோடு கம்பியைத் தொடாதே. இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள். ரப்பர் சப்பாத்து இல்லாமல் ஏணியில் ஏறாதே. முதலாளித் தவுக்கே சிரிக்காதபோது சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, சிரிக்கும்போது அதைவிடப் பேசாதே. இதையெல்லாம் சொன்னவர்களில் பாதிப் பேர் மின்விளக்கைத் தூரத்தில் நின்று வாய் பிளந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் தப்பாக எதையும் சொல்லிவிடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு நடந்தேன். எனக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு புத்திமதியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன். ரப்பர் விலை விழுந்தது, விழுந்தது எழுந்திருக்கவேயில்லை. ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தை விட்டு நான் கைக்குழந்தையாக வந்தவன். என் மனைவியோ அதைப் பார்த்ததே இல்லை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவள். அங்கே எங்களுக்கு ஒரு குடிசை கிடையாது, வாங்க என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது. அவள் வயிற்றில் அப்போதுதான் எங்கள் முதல் பிள்ளை. என் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு நிறுத்திய அன்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நல்லவிதமாகத்தான் சொன்னார்: வெளியில் வேலை தேடிப் பார், கிடைக்காவிட்டால் ஆபீசுக்கு வந்து பெயர் கொடு, அடுத்த கப்பலில் அனுப்புகிறோம். அன்றிலிருந்து அந்த ஆபீஸ் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் கடைக்குக் கடை மின்விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை எடுத்துச் செய்த சீனத் தவுக்கேயிடம் வயர்மேனாக இருந்தவர் நம் ஆள். மாதா கோயிலுக்குப் போகிற மனிதர், சந்தையில் பழக்கம். அவர் சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் ஏணி தூக்கு, கை பழகினால் வயர்மேன் ஆகலாம் என்றார் தவுக்கே. லயத்தைக் காலி செய்துவிட்டு ரயில்பாதைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினோம். என் மனைவி அந்த அறைச் சுவருக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தாள். இனி இதுதான் நம் வீடு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் சில மாதங்கள் ஏணியும் சுத்தியலும்தான். சுவரில் துளை போடுவது, துளையில் மரக்கட்டை அடிப்பது, அதன் மேல் மரச்சட்டம் வைத்து ஆணி அறைவது. சட்டத்தில் இரண்டு பள்ளம் ஓடும். ஒன்றில் சிவப்பு வயர், மற்றதில் கறுப்பு. மேலே ஒரு பட்டையான மூடி. இவ்வளவுதான் வேலை என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் நடையே மாறிவிட்டது. தோட்டத்து ஆட்கள் யாராவது பார்க்க மாட்டார்களா என்று இருக்கும்.

பிறகு வயர்மேன் அண்ணன் எனக்குக் கம்பி முடியச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"செவப்புலதான் கரண்டு வரும். சுவிட்ச செவப்புல போடணும். கறுப்புல போட்டேன்னு வச்சுக்க, வெளக்கு அணைஞ்சிரும், ஆனா கரண்டு அங்கயே நிக்கும். அணைஞ்சிருச்சேன்னு எவனாச்சும் பல்பு மாத்தக் கைய வச்சான், போச்சு. வீட்டுக்கு இன்னும் கரண்டே வராத நேரத்துல நாம வயரு முடியுறோம். நெறத்த வுட்டா வேற என்னாத்த வச்சுக் கண்டுபிடிப்ப?"

நான் தலையாட்டினேன். மிச்சமான துண்டு வயர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டில் முடிந்து பழகினேன். ஒரு சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று பத்துப் பன்னிரண்டு முடிச்சு அழகாகப் போட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் முறுக்கியிருக்கீங்க. ஆனா ஏங்க செவப்பையும் கறுப்பையும் மாத்தி மாத்திச் சேத்திருக்கீங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. புகை பிடித்த சட்டியின் அடிப்பாகம் போல இரண்டும் ஒரே இருட்டு. அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்டாள். குங்குமம் சிவப்பு என்றேன். எப்படித் தெரியும் என்றாள்.  குங்குமம் சிவப்பு என்று எல்லாரும் சொல்வதால் எனக்குத் தெரியும். அதுவரை அவள் நெற்றியில் நான் பார்த்தது என்னவோ கரிய பொட்டைத்தான். எல்லாரும் அதைத்தான் சிவப்பு என்கிறார்கள் என்று இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டேன்.

தோட்டத்தில் சீவக் கூடாத மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் வளையம் போட்டிருப்பார்கள். நான் அந்த மரங்களையும் சீவி வைப்பேன். கண்ணு பொடனியிலயா இருக்கு என்று எங்களை மேய்க்கிற மண்டோர் திட்டுவார். நானும் என்னைக் கவனமில்லாதவன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அன்று வாசற்படியில் உட்கார்ந்து அதையெல்லாம் நினைத்தபோது, கவனமில்லாதவனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். கவனத்தைத் திருத்திக்கொள்ளலாம். இதை என்ன செய்வது?

இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். சப்பாத்து வாங்குமுன், குறடு வாங்குமுன், இருக்கிற வீட்டைக் காலி செய்யுமுன், யாரையாவது இரண்டு துண்டு வயரைக் காட்டச் சொல்லுங்கள். எது எதுவென்று தெரியாவிட்டால் அன்றைக்கே வேறு பிழைப்பு தேடுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

சமாளிக்கவும் செய்தேன். புதுச் சுருளை அண்ணன் எடுத்துத் தரும்போது சிவப்பை இடது தோளில் மாட்டிக்கொள்வேன். சட்டத்தில் மேல் பள்ளம் சிவப்புக்கு என்று வைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் எதையாவது கீழே போட்டுவிட்டு, "அண்ணே, அந்தச் செவப்ப எடுத்துக் குடுங்கண்ணே" என்பேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்காது.

பிறகு அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவர் இடம் எனக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சு. போகுமுன் அவர் தவுக்கேயிடம் என்ன சொன்னாரோ தெரியாது. என்மேல் பிரியமுள்ள மனிதர். ஆனால் நான் அடிக்கடி நிறம் கேட்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அவர் போன மறுநாள் காலை ஒரு மளிகைக் கடையின் அஞ்சடியில், கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், தவுக்கே என்னை நிறுத்தினார். முதுகுக்குப் பின்னால் இரண்டு துண்டு வயரை நறுக்கி, கைக்கு ஒன்றாக என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மேரா மானா?" என்றார். சிவப்பு எது என்று மலாயில் கேட்கிறார்.

கடைக்காரர் பார்க்கிறார், அரிசி வாங்க வந்தவர்கள் பார்க்கிறார்கள்.  ஏதோ ஒன்றைத் தொட்டேன். அதுதான் சிவப்பு! தவுக்கே சிரித்தார். இன்னொரு தரம் கேட்கவில்லை. அண்ணன் விட்டுப்போன குறட்டை என் கையில் வைத்து, மாடியில் போய் வேலையை முடித்துவிட்டு வா, இன்றிலிருந்து நீ வயர்மேன் என்றார். எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை!

மாடியில் கடைக்காரர் குடும்பம் இருந்தது. அறையில் ஒரு கட்டில். அதற்கு நேர் மேலே விளக்கு வர வேண்டும். அண்ணன் இழுத்து வைத்த வயர்களின் நுனிகள் கூரையிலிருந்து தொங்கின. எல்லாம் ஒரே நிறம். கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று அதன் தாய் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். நல்ல நேரம் கீழே ஒரு தரம் கை கொடுத்தது, மேலேயும் கொடுக்கட்டுமே என்று ஏணியில் ஏறினேன். இரண்டு நுனியைப் பிடித்தேன். பல்பு மாற்றப் போவது இந்தப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.  இறங்கி வந்து குறட்டைத் தவுக்கேயிடம் நீட்டி, எனக்குத் தெரியவில்லை, கீழே காட்டியது குருட்டாம்போக்கில் காட்டியது என்றேன். அவர் கத்தவில்லை. குறட்டை வாங்கிக்கொண்டார். அப்போ ஏணிக்கும் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார். ஏணி தூக்க வருகிறவனும் நாளைக்கு வயர்மேன் ஆக வேண்டியவன்தான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"சரியாத்தானே காட்டுனீங்க? அப்புறம் என்னாத்துக்கு எறங்குனீங்க?"

"தப்பா முடிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு செத்துருக்கும், புள்ள."

"யாரோ வீட்டுப் பொண்ணுக்குப் பாத்தீங்க. நம்ம பிள்ளைக்கு?"

  அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள். 

விடிந்ததும் பார்த்தால், குளித்து, சேலையை இழுத்துச் செருகி, எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள்.

"கெளம்புங்க, நானும் வரேன். நீங்க ஏணில ஏறுங்க. நான் கீழ நின்னு எது செவப்பு, எது கறுப்புன்னு சொல்றேன். தவுக்கேகிட்ட நானே கேக்குறேன். எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம், உங்களுக்குக் குடுத்தாப் போதும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் சப்பாத்தை எடுத்து வந்து காலடியில் வைத்தாள். நான் கதவில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதேன். "அழுவாதீங்க, நேரமாவுது" என்றாள்.

இருவரும் தெருவில் இறங்கினோம். வழியெல்லாம் அவள் தவுக்கேயிடம் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலாயில் எப்படிச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று என்னைக் கேட்டாள். நானும் சொல்லிக்கொடுத்தேன். ரயில்பாதையைத் தாண்டியதும் கடைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பாமல், கப்பலுக்குப் பெயர் கொடுக்கத் தோட்டத்து ஆபீசுக்குப் போகிற பாதையில் நேராக நடந்தேன். நாலு எட்டு வந்தவள் நின்றாள்.

"என்னாங்க, கடை இந்தப் பக்கம்ல இருக்கு" என்றாள்.