அண்ணி கழற்றாத ஸ்வெட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ரயில் சென்னை சென்ட்ரலில் நின்றபோது, என் அண்ணி கழுத்துப் பித்தான் வரை மாட்டிய மெரூன் நிற ஸ்வெட்டரோடு இறங்கினார். மார்கழி மாதம்தான், விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் முந்தைய நாள் தூறிய மழையில் நடைமேடை முழுக்க ஒரு ஈரப் புழுக்கம். அண்ணன்கூடத் தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். இரண்டு பேரையும் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இருந்தும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

காரணம் இருந்தது. பத்து நாட்களுக்கு முன்பே போனில் ஒரு பட்டியலே சொல்லியிருந்தேன். நூல் சேலை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பட்டுச்சேலை ஒன்று போதும், ஒன்றுக்கு இரண்டாகக் கைக்குட்டை, மழை வந்தால் குடை. குல்லா வேண்டாம், காலுறை வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். இங்கே மார்கழி என்றால் மின்விசிறியை இரண்டில் வைப்பார்கள், மற்ற மாதங்களில் ஐந்தில் வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று வாத்தியாரம்மா தோரணையில் விளக்கினேன். அப்போது நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகி இரண்டு வருடம் முடியவில்லை. அதற்குள் மலையில் பிறந்ததையே மறந்தவள்போலப் பேச வந்துவிட்டது. அண்ணி எல்லாவற்றுக்கும் "செரி அம்மிணி, செரி அம்மிணி" என்றார்.

அன்று முற்பகல் நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். மாப்பிள்ளை என் பள்ளியிலேயே கணக்கு வாத்தியார். நாங்களாகப் பேசி முடிவு செய்ததுதான். அவருடைய அம்மா மறுக்கவில்லை. பெண்ணின் மனிதர்களைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் சரியாகத் தூங்கவில்லை. எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பெண் வீடு என்று போய் உட்கார அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் வாய் திறக்கமாட்டார். ஆகவே, அந்த வீட்டார் என் குடும்பம் எப்படிப்பட்டது என்று அண்ணியைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். எங்கிருந்தோ காட்டிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

அண்ணி என்னைவிட எட்டு வயதே மூத்தவர். நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊரில் ஸ்வெட்டரை யாரும் பெட்டியில் எடுத்துவைப்பதில்லை, அது உடம்பிலேயே இருக்கும். காலையில் வாசலுக்கு வரும்போதே பித்தான் போட்டாகிவிடும். கல்யாணத்துக்குப் போனாலும் பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர்தான், போட்டோவுக்கு மட்டும் சிலர் கழற்றுவார்கள். குளிரில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட அண்ணி கையை முழங்கைக்கு மேல் சுருட்டிப் பார்த்ததில்லை.

நான் கோயம்புத்தூரில் ஆசிரியர் படிப்புக்குச் சேர்ந்தபோது தினமும் சேலைதான் கட்டவேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அண்ணி தன் சேலைகளில் நல்லதாக நாலைந்தை எடுத்துக் கொடுத்தார். அவற்றோடு வந்த ஜாக்கெட் துணிகளையெல்லாம் என் அளவுக்குத் தைக்கக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு எடுத்த சேலையிலிருந்தும் ஜாக்கெட் துணி எனக்கே வந்தது. "உங்களுக்கு வேண்டாங்களா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "ஸ்வெட்டருக்குள்ள நான் என்ன போட்டிருக்கறேன்னு தேயிலச் செடியா எட்டிப் பாக்கப் போவுது? நீ நாலு பேருக்கு முன்னால நிக்கறவ," என்றார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்திலேயே சொன்னேன். "அண்ணி, ஸ்வெட்டரைக் கழட்டிருங்க, வேர்த்துக் கொட்டும்." அண்ணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அம்மிணி, எனக்குப் பழக்கந்தானே," என்றார். நான் தங்கியிருந்த விடுதியில் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தபோதும் அவர் மேல் ஸ்வெட்டர் இருந்தது. முற்பகலில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காற்றே ஈரமாக இருந்தால் அது மட்டும் என்ன செய்யும். அண்ணியின் நெற்றியில் பவுடர் கரைந்து கோடு போட ஆரம்பித்தது. மேலுதட்டில் துளித்துளியாக வேர்வை. நான் சொன்னபடி கொண்டுவந்திருந்த இரண்டு கைக்குட்டைகளும் நனைந்து போயின. இத்தனைக்கும் நடுவில் அவர் மிக அழகாகப் பேசினார். என் படிப்பைப் பற்றி, குணத்தைப் பற்றி, அண்ணனுடைய வேலையைப் பற்றி, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்தான் எதையும் கேட்கவில்லை, அந்த மெரூன் நிறத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இப்படி வேர்க்குதே, அதைக் கழட்டி வெச்சிட்டு ஃப்ரீயா உக்காருங்களேன். இங்க யாரு இருக்கா?" என்றார். உண்மையான பரிவோடுதான் சொன்னார். எனக்கோ மானம் போவதுபோல இருந்தது. "நான் காலையிலேயே சொன்னேனில்லைங்களா அண்ணி? கழட்டுங்க," என்றேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது.

அண்ணியின் கை மெதுவாக மேல் பித்தானுக்குப் போனது. முதல் பித்தானைக் கழற்றினார். இரண்டாவதில் கை நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை, கழற்றட்டுமா என்று கேட்கிற பார்வை. விலகிய இடத்தில் அவருடைய ஜாக்கெட்டின் கழுத்து தெரிந்தது. கட்டியிருந்தது பச்சைக் கரைப் பட்டு. உள்ளே இருந்தது வெளுத்துப்போன ஒரு பழுப்பு. கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு. அந்தப் பச்சைக் கரைக்குப் பொருத்தமான ஜாக்கெட் எங்கே என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. அதை நான் போட்டிருந்தேன். எனக்கு இருந்ததிலேயே நல்ல ஜாக்கெட் அதுதான் என்று அன்று காலையில் அதையே எடுத்து மாட்டியிருந்தேன்.

"வேண்டாங்க அண்ணி, போட்டுக்குங்க," என்று அவசரமாகச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். "அவங்களுக்கு நெஞ்சுச் சளி. குளிர்காத்து பட்டா ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான்தான் மறந்துட்டேன்." அண்ணன் ஒன்றும் புரியாமல், "ஊட்ல நல்லாத்தானே இருந்தே?" என்று ஆரம்பித்தார். "ரயில்ல வரயில புடிச்சுக்கிச்சுங்க," என்று அண்ணி முந்திக்கொண்டு ஒரு இருமல் இருமினார்.

மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "முதல்லயே சொல்றதுக்கென்ன," என்று எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். உள்ளே போய், கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய டம்ளர் சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். காற்று நின்ற கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்தது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்து வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். அண்ணி முதல் பித்தானை மறுபடி போட்டுக்கொண்டு, அந்தச் சுக்குக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அரை மணி நேரத்தில் நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று பேச்சு முடிந்தது.

விடுதி அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அண்ணி ஸ்வெட்டரைக் கழற்றினார். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கைப்பகுதி ஒரு துணி, உடம்பு ஒரு துணி, அக்குளில் மூன்றாவது ஒரு துணியில் ஒட்டு. "நீ ஸ்வெட்டர் வேண்டாம்ன அன்னிக்கே டைலருகிட்ட ஓடுனேன் அம்மிணி. பொங்கத் துணியே மலையாட்டம் கெடக்குது, தை பொறந்து வாங்கன்னுட்டாரு," என்று, ஏதோ அவர் தப்புச் செய்ததுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க அண்ணி?" என்றேன். "நல்ல காரியத்துக்குப் போறப்ப உன் மனசு நோகணுமா? ஆனா நீ இன்னொருக்கா சொல்லியிருந்தீனா கழட்டியிருப்பேன்," என்றார். இதைச் சொல்லும்போது சிரித்தார். நான் அந்தக் கூடத்தில் வாயைத் திறந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கல்யாணம் ஆகிப் பதினாலு வருடம் ஆகிறது. இப்போது நான் ஊருக்குப் போகும்போது ஜாக்கெட் துணி கொண்டுபோவதில்லை, அண்ணியின் அளவுக்குத் தைத்தேதான் கொண்டுபோகிறேன். துணியாகக் கொடுத்தால் அது வேறு யாருக்காவது போய்விடும். அண்ணி சென்னைக்கு வரும்போதெல்லாம் நூல் சேலையும் பொருத்தமான ஜாக்கெட்டுமாகத்தான் வருகிறார். ஆனால் என் மாமியார் அந்த நெஞ்சுச் சளியை மறக்கவே இல்லை. அண்ணி உள்ளே நுழைந்தால் மின்விசிறி நின்றுவிடும், சுக்குக் காபி வந்துவிடும். பதினாலு வருடமாக அண்ணி அதை வாங்கிக் குடித்துக்கொண்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன மார்கழியிலும் வந்தார். மாமியார் ஒரு கையில் சுக்குக் காபி டம்ளரோடு, மறு கையைச் சுவிட்சுப் பக்கம் கொண்டுபோனார். எனக்கு என்ன ஆயிற்றோ, "நிறுத்தாதீங்க அத்தை. அண்ணிக்குச் சளியே கிடையாது. அன்னிக்கு அவங்க போட்டுக்க வேண்டிய ஜாக்கெட்ட நான் போட்டிருந்தேன்," என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். மாமியார் டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். "அடிப் பாவி, இத்தனை வருஷமா இந்தப் பொண்ணை வேக வெச்சிருக்கேனே," என்று விசிறியை ஐந்துக்குத் திருப்பினார். நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணி விசிறிக்கு நேர் கீழே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மாமியாரிடம் சொன்னார்: "வேர்த்ததெல்லாம் எனக்கு நெனப்பே இல்லீங்க. அந்தப் பச்ச ஜாக்கெட்டு அன்னிக்கு இவளுக்கு அம்புட்டு எடுப்பா இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."