காற்றை அடைத்த வண்டி

வெயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் பழுது பார்க்கும் வேலை எனக்கு. தேயிலை காயவைக்கும் டிரையர் பக்கத்திலேயே பகலெல்லாம் நிற்பவன். சூடு நமக்குப் புதிதா என்ற கொழுப்பு நிறையவே இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு ஓர் ஆசை வந்தது. பழைய லொறியின் மேல் பலகையும் தகரமும் வைத்து ஒரு வீடு கட்டி, மலைக்குக் கீழே சமவெளியில், வெல்லவாய்க்கு அப்பால் குளக்கரையில் பத்து நாள் தங்கி மீன் பிடிக்க வேண்டுமாம். கட்டுவது நான், சமையலுக்கு என் மனைவி. பால்குடி மறக்காத ஏழு மாதப் பெண் பிள்ளையும் எங்களோடு. துரை காகிதத்தில் நாலு பெரிய ஜன்னல் கீறித் தந்தார். "அங்க சூடு ஜாஸ்தி. காத்து வேணும்" என்றார்.

இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மலைக் குளிரில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காற்றுதான் எதிரி. சுவரில் சந்து கண்டால் சாக்கைத் திணி, மேலே மாப்பசை தடவிக் கடதாசி ஒட்டு. அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். வண்டிக்கும் அதையே செய்தேன். நாலு ஜன்னலை ரெண்டாக்கினேன். அவையும் கையகலம், திறக்க முடியாத கண்ணாடி. பலகைச் சந்துகளை அடைத்து, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை உட்சுவர் முழுக்க ஒட்டினேன். மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். தூறல் விழுந்த ஒரு நாளில் துரை உள்ளே உட்கார்ந்து பார்த்தார். கதகதவென்று இருந்தது. ஜன்னல் ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "பலகை தாங்காதுங்க தொரை" என்றேன். பச்சைப் பொய். நம்பிவிட்டார்.

எல்ல என்ற ஊரின் மலை இறக்கம் முடிந்து வெல்லவாயில் கீழே இறங்கியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. டிரையர் அனல் தாங்கவில்லை என்றால் நாலடி பின்னால் போகலாம். இங்கே எந்தப் பக்கம் போவது?

குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மர நிழல் தள்ளி இருந்தது. வெட்டவெளியில் சமதரையாக இருக்கிறதென்று வண்டியை அங்கே நிறுத்தினேன். துரை தூண்டிலோடு போய்விட்டார். மனைவி அடுப்பில் சோற்றை வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, வழக்கம்போலக் கம்பளித் தொப்பி மாட்டிக் கட்டிலில் கிடத்தினாள். காற்றுப்படும் என்று கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நான் வண்டிக்கு அடியில் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தவள், "என்னாங்க, பிள்ளைக்குக் காச்சல்" என்றாள். குரலே மாறியிருந்தது. பிள்ளையின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. உதடு காய்ந்து, அழக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தாள். தொட்டால் கொதித்தது. காய்ச்சல் என்றால் எங்களுக்கு ஒரே வைத்தியம்தான். அவள் இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்தினாள். நான், சொல்லவே வாய் கூசுகிறது, கதவை மறுபடி இழுத்துச் சாத்தினேன்.

பக்கத்தில், காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் சேனை நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி மனைவியின் அழுகையைக் கேட்டு ஓடிவந்தாள். வண்டிக்குள் தலையை நீட்டியவள் அப்படியே பின்வாங்கினாள். அடுத்த நொடி பிள்ளையைப் பறித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். தொப்பியைக் கழற்றி எறிந்தாள், கம்பளியை எறிந்தாள். ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து, இலைக்கொத்தால் விசிறினாள். "காய்ச்சல் இல்லை. வேக வைத்திருக்கிறீர்கள்" என்றாள் சிங்களத்தில். வெகுநேரம் கழித்துப் பிள்ளை மெலிதாக அழுது தாயின் மார்பைத் தேடினாள்.

பிறகு உளியையும் ரம்பத்தையும் எடுத்தேன். எதிரும் புதிருமாகப் பலகையை அறுத்து நாலு வாய் திறந்து கொசுவலை அடித்தேன். ஈயத்தாளைக் கிழித்தெறிந்தேன். கூரைக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கம்பு கட்டி, தழை பரப்பினேன். கதவில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். அடுப்பு வெளியே போனது. வண்டியும் மரத்தடிக்குப் போனது. மாலையில் வந்த துரையிடம் காற்றுக்காகத் திறந்தேன் என்று மட்டும் சொன்னேன். பலகை எல்லாவற்றையும் தாங்கியது.

மறுநாள் அந்தப் பெண் பிள்ளையைப் பார்க்க வந்தாள். கிழித்துப் போட்ட ஈயத்தாளைக் காலால் புரட்டி, "இதை இப்படிச் செய்தது யார்?" என்று கேட்டாள். துரை பக்கத்தில் தூண்டிலில் புழு கோத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் வராது. அந்தத் தைரியத்தில், "இந்தத் துரை சொன்னபடிதான் செய்தது" என்றேன்.

என் மனைவிக்குச் சிங்களம் வரும். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கம்பளி போட்டது நான். வண்டியை அடைத்தது இவர். துரை மேல் பழி இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"என்ன பேசுறாங்க?" என்று துரை என்னிடம் கேட்டார். மனைவி நகரவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். ஜன்னல், பலகை, பிள்ளை உள்ளே வெந்தது, இப்போது சொன்ன பொய் எல்லாவற்றையும். துரை தூண்டிலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பத்து நாள் முடிந்து திரும்ப மலை ஏறும்வரை என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.