மூடி போடாத கட்டில்

எங்கள் வானுக்குள் ஒரு வயர்கூட மறைந்திருக்கவில்லை. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று எல்லாம் சோபாவின் அடியில், மூடியில்லாத ஒரு பலகைப் பெட்டிக்குள், பின்கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அது எதற்கான வயர் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தேன். நான் முப்பது வருஷம் வயரிங் வேலை செய்தவன். வேறு எவராவது இப்படிச் செய்துவைத்திருந்தால், எந்த மடையன் செய்த வேலை இது என்றுதான் கேட்டிருப்பேன்.

சோபா என் மனைவிக்காக. போன வருஷம் கொழும்பில் அவளுக்கு முதுகெலும்பில் ஒப்பரேஷன் நடந்தது. அதன் பிறகு நடக்கலாம், படுக்கலாம். இருப்பதுதான் கஷ்டம். இருபது நிமிஷம் கதிரையில் இருந்தால் இடது கால் நெருப்பாக எரியத் தொடங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பில் கிளினிக். திருகோணமலையிலிருந்து ஏழு மணித்தியாலப் பயணம். முதல்முறை முன்சீற்றில் தலையணைகளை அடுக்கிக் கொண்டுபோனேன். ஹபரணைக்கு முன்பே கைலேஞ்சியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். குருநாகலில் இறங்கி, ஒரு கடையின் தூணைப் பிடித்தபடி நின்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"இனி நான் வரமாட்டன். நடக்கிற மட்டும் நடக்கிறன். பிறகு கிடக்கிறன்."

கிளினிக்குக்குப் போகாவிட்டால் அந்தக் கால் போய்விடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்புலன்ஸில் படுத்துக்கொண்டு போவதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. பிரேதம் மாதிரி என்னை ஏத்தி இறக்க வேண்டாம் என்றாள். ஏலுமான மட்டும் இருந்து வெளியே பார்க்க வேண்டும், ஏலாமல் போனால் ஒருவரும் தூக்காமல் தானே படுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பழைய வான் ஒன்றை வாங்கி, பின்சீற்றுகளைக் கழற்றி எறிந்தேன். மோட்டருக்கு எங்கேயும் அலையவில்லை. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் அந்தக் காலத்துப் பெரிய டிஷ் அன்ரனா ஒன்று கிடந்தது. துறைமுகத்து உப்புக் காற்று டிஷ்ஷை அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. அதைக் கிழக்கும் மேற்குமாகத் திருப்புகிற மோட்டர்த் தண்டு மட்டும் உள்ளே கிறீஸ் இருந்தபடியால் தப்பியிருந்தது. அது மெதுவானதுதான். ஆனால் தள்ளத் தொடங்கினால், முன்னால் எருமை நின்றாலும் நிற்காது.

மரவேலைக்குக் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் தச்சர், நான் நானா என்று கூப்பிடுகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், தளபாடம் செய்வதில் கைராசிக்காரர். முதுகுப் பலகை சாய்ந்தால் கட்டில், நிமிர்ந்தால் சோபா. அதோடு விடாமல் மூன்றாவதாக ஒரு மடிப்பையும் நான் சேர்த்தேன். முதுகுப் பலகை இன்னும் முன்னால் வந்து, புத்தகத்தை மூடுகிற மாதிரி இருக்கையின் மேல் படிந்துவிடும். ஒருநாள் அவளுக்குத் தள்ளுவண்டி தேவைப்பட்டால் அதை ஏற்றுவதற்கு இடம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால், என் கெட்டித்தனத்தைக் காட்டத்தான் அது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

எல்லாம் பூட்டி முடிந்த அன்று நானா வயர்ப் பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு ஒரு மூடி அடிச்சுத் தாறன். அஞ்சு நிமிசத்து வேலை."

"வேணாம் நானா."

"ஏன்? ஒரு சட்டி முட்டி உருண்டு வந்து பட்டா?"

"மூடினா, அதுக்குள்ள என்ன எண்டு கேப்பாங்கள்."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பொஞ்சாதிக்குக் கட்டில் செய்யிறீங்களா, செக் பொயின்ற்றுக்குச் செய்யிறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தொன்பது வயதில், ரேடியோ திருத்தப் பழகிய நாட்களில், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இரண்டு ரோர்ச் பற்றறியும் கொஞ்ச வயரும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தனான். சண்டைக் காலம். செக் பொயின்ற்றில் ஆமிக்காரர் மறித்தார்கள், ரின்னைத் திறந்தார்கள், என்னை மட்டும் இறக்கினார்கள். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அந்தப் பதினொரு நாளைப் பற்றி மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு என் ஆயுதங்களை, ஸ்குரூ ட்ரைவரையும் குறட்டையும்தான் சொல்கிறேன், வெளியே தெரிகிற பொலித்தீன் பையில்தான் கொண்டு திரிகிறேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் வழியால் வந்தவர் இல்லை.

இப்போது பாதையில் மறிப்பது குறைவு. மறித்தாலும் பொலிஸ்காரர் லைசென்ஸைத்தான் கேட்பார். என் தலைக்கு இது தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. பற்றறி, மோட்டர், வயர், கையில் ஒரு சுவிட்ச், எல்லாம் ஒரே வானுக்குள்! முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து "மேக எந்தக், மஹத்தயா" என்று சொல்லிப் பழகினேன். இது ஒரு கட்டில், ஐயா. மனைவி அறைக்குள் படுத்திருந்தபடியே, "மஹத்தயாவை முதல்ல சொல்லுங்கோ, அதுதான் மரியாதை" என்று பகிடி பண்ணினாள்.

முதல் ஓட்டத்துக்குக் கட்டைபறிச்சானில் இருக்கிற அவளுடைய அக்கா வீட்டைத் தெரிவுசெய்தோம். சனிக்கிழமை காலை. கிண்ணியாப் பாலம் வரைக்கும் சோபாவில் இருந்து தண்ணீரையும் வள்ளங்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கையிலிருந்த சுவிட்சை அழுத்தினாள். முதுகு மெல்ல மெல்லச் சாய்ந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாயிருக்கப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்துக் கட்டில் செய்திருப்பேன்.

திரும்பும்போது அக்கா ஒரு எவர்சில்வர் வாளி நிறைய நண்டு தந்தார். உயிர் நண்டு, மேலே ஈரச் சாக்கு. வாளி உருளாமல் இருக்க வேண்டும் என்று, அதைச் சோபாவுக்கு அடியில், வயர்ப் பெட்டியோடு அண்டி வைத்தது நான்தான். மனைவி படுத்துக்கொண்டாள். குலுங்கி விழாமல் இருக்க இடுப்புக்குக் குறுக்கே பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

சீனன்குடாவில், படை முகாம் வேலியோரமாக வந்துகொண்டிருந்தோம். ஒரு பள்ளத்தில் வான் தூக்கிப் போட்டது. பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அது மோட்டருக்குக் கரண்ட் விடுகிற ரிலே விழுகிற சத்தம் என்று எனக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து மோட்டர் ஓடத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, இது எழும்புது. நான் அமத்தேல்லை."

"கீழ்ச் சுவிட்சை அமத்தும்."

"அமத்திக்கொண்டுதான் இருக்கிறன். கேக்குதில்லை."

"பெல்ட்டைக் கழட்டும்!"

"கை போகுதில்லை. நிப்பாட்டுங்கோ!"

என் கால் பிரேக்குக்குப் போனது. அதே நேரம் கண் வேலியில் இருந்த அறிவிப்புப் பலகைக்குப் போனது. இவ்விடத்தில் வாகனங்களை நிறுத்தக் கூடாது என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. கொஞ்சம் தள்ளிக் காவல் கூடு, அதற்குள் ஒரு தலை. ஒரு வான் திடீரென்று நிற்கிறது, ஒருவன் பாய்ந்து இறங்குகிறான், பின்கதவைத் திறந்து வயர்களை இழுக்கிறான். அந்தத் தலையின் கண்ணுக்கு இது எப்படிப் படும் என்று நான் யோசித்தேன். கட்டியவள் கத்துகிறாள், நான் அதை யோசித்தேன். கால் பிரேக்கிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

வேலி முடியும் வரைக்கும் ஓட்டினேன். அரை நிமிஷம் இருக்கும். கண்ணாடியில் முதுகுப் பலகை சோபாவாக நிமிர்ந்து, அங்கே நிற்காமல், என் அருமையான மூன்றாம் மடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். மூன்றாம் முறை வாய் மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். வாளி சரிந்து, அதன் இரும்புப் பிடி பெட்டிக்குள் வயர்களைப் பூட்டியிருந்த இரண்டு ஆணிகளுக்குக் குறுக்கே விழுந்து, சுவிட்சை அமத்தாமலே கரண்டைக் கடத்திக்கொண்டு கிடந்தது. ஒரு மூடி இருந்திருந்தால் அந்தப் பிடி பலகையில் தட்டிவிட்டுக் கிடந்திருக்கும். பற்றறி வயரைப் பிடுங்கினேன். மோட்டர் நின்றது, ஆனால் அது பின்வாங்காது. அவளை விடுவிக்க வேண்டுமென்றால் அதே மோட்டரை மறுபக்கம் ஓட்டியே ஆகவேண்டும். வயர்களை மாற்றிக் கையாலேயே பிடித்தேன். பொறி பறந்து விரல் சுட்டது. காலைச் சுற்றி நண்டுகள் ஊர்ந்தன. முழங்காலோடு முகம் ஒட்டிக் குனிந்திருந்தவளின் மேலிருந்து பலகை அங்குலம் அங்குலமாக விலகியது. அந்த மோட்டரின் மந்தத்தை அன்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது மெதுவாக இருந்தபடியால்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்பது பிறகுதான் உறைத்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகில் வைத்த ஆணிகள் அசையவில்லை. மூன்று கிழமை படுக்கை என்றார்கள். மாதாவே என்று வாசலில் அப்படியே குந்திவிட்டேன்.

நாலாம் நாள் பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவள் அந்தக் கதையை எடுத்தாள்.

"வேலியில இருந்த பலகையைக் கண்டனீங்கள், என்ன?"

"ஓம்."

"அதுதான் நிப்பாட்டேல்லை."

"ஓம்."

பதினொரு நாளின் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"பயந்தது பிழையில்லை. எனக்கும் பயம்தான். ஆனா நான் கூப்பிட்டனான்."

அடுத்த நாளே கிண்ணியாவுக்குப் போனேன். நானா உளியை எடுத்தார். மூடி அடித்துத் தந்தார், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் மடிப்பை நானே கிறைண்டரால் வெட்டி எறிந்து, பலகை நிமிர்ந்த இடத்தோடு நிற்க இரும்புக் கட்டை ஒன்றை ஒட்டினேன். மீன்பிடி வள்ளங்களில் பற்றறியை முழுதாக வெட்டிவிடப் பூட்டுகிற சிவப்புத் திருகி ஒன்றை வாங்கி, படுத்தாலும் இருந்தாலும் அவளுடைய வலக்கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். இனி அவள் நினைத்தால் எல்லாம் செத்துப்போகும், என்னைக் கூப்பிடத் தேவையில்லை. இதை அவளிடம் சொல்லி முடித்தபோதுதான், கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது விளங்கியது. அவள் திருகியை ஒருதரம் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டில் சரி. கட்டிலை நான் நம்பிறன்," என்றாள்.

கிளினிக் நாள் வந்தது. வருவாளா மாட்டாளா என்று ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தாள். நன்றாக விடிந்தபிறகு புறப்பட்டோம். சோபாவில் நிமிர்ந்து இருந்தாள், ஒரு கை சிவப்புத் திருகியில். உப்புவெளி, அனுராதபுரச் சந்தி தாண்டினோம். இருபது நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. கால் எரியத் தொடங்கியிருக்கும். கண்ணாடியில் அவளுடைய தாடை இறுகியிருந்தது. அப்படியிருந்தும் அவள் சுவிட்சைத் தொடவில்லை. நான் ஓட்டுகிற வானில் படுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கொழும்புக்கு நேரே போகிற பாதையை விட்டு வானைத் திருப்பினேன்.

"இதென்ன, கொழும்புக்கு இதாலயே?"

முகாம் வேலி வந்தது. பலகை வந்தது. பலகைக்கு நேர் முன்னால் பிரேக்கை மிதித்து, எஞ்சினையும் நிறுத்தினேன்.

காவல் கூட்டிலிருந்து ஒரு இளம் ஆள் இறங்கி வந்தான். ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். அத்தனை நாள் பழகிய வசனம் மட்டும்தான் வாயில் வந்தது. "மஹத்தயா, மேக எந்தக்." அவன் ஒன்றும் விளங்காமல் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு சோபாவையும் வலியில் வேர்த்துப்போன ஒரு பெண்ணையும் கண்டான். பலகையைக் காட்டி, வானை எடுங்கள் என்று கையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். பெட்டியை அவன் பார்க்கவே இல்லை.

சாவியைத் திருப்பினேன், கியரில் கிடந்த வான் ஒருதரம் துள்ளி நின்றது. அவள் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நிப்பாட்டினதைக் கண்டுட்டன்," என்றாள். "இனி எடுங்கோ. கிளினிக்குக்கு நேரமாகுது."

வானைத் திருப்பிக் கொழும்புப் பாதையில் ஏற்றினேன். கந்தளாய்க்கு முன்பு பின்னால் ரிலே 'டக்' என்றது. பிறகு மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் படுத்துவிட்டாள்.