அந்தப் பக்க அக்கா

பேருந்தில் ஏறியதும் அவள் இருக்கை தேடுவதில்லை, தலை தேடுகிறாள். இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். மேல்கம்பியைப் பிடித்தபடி, உட்கார்ந்திருப்பவர்களின் உச்சிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வழுக்கைத் தலை கிடைத்துவிட்டால் கொண்டாட்டம்தான். வலப்பக்கம் தட்டை, அதே பக்கத்து நெற்றி லேசாக முன்தள்ளல், அந்தக் காது மற்றதைவிட ஒரு விரற்கடை முன்னால் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு தலைக்குச் சொந்தக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, தலைல ஏதாவது ஊருதா?"

"இல்லைங்க. உங்களைச் சின்ன வயசுல சுவரோரமா படுக்க வச்சிருக்காங்க. எப்பவும் அறைப் பக்கமே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க."

அவர் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

குழந்தைகள் மருத்துவமனையில், நீண்ட நடையின் கோடியில், பிசியோதெரபி அறை அவளுடையது. தரையில் ஒரு பாய்மெத்தை, சுவரில் தாழ்வாக ஒரு கண்ணாடி, காற்று இறங்கிய பெரிய ரப்பர் பந்து. பின்மண்டை தட்டையாகிப்போன கைக்குழந்தைகளும், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட கைக்குழந்தைகளும் அங்கே வருகின்றன. கூட வரும் தாய்மார்களுக்கு அவள் பெயர் தெரியாது. 'அந்தப் பக்க அக்கா' என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான்; குழந்தை திரும்ப மறுக்கிற பக்கம் எதுவோ அதுதான் அவளுக்கு 'அந்தப் பக்கம்'.

"தொட்டில்ல தலைமாட்டைக் கால்மாடா மாத்துங்க, வாசல் அந்தப் பக்கம் வரட்டும். பால் குடுக்கும்போது கையை மாத்துங்க. கூப்பிடறதா இருந்தா அந்தப் பக்கம் போய்க் கூப்பிடுங்க. முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுங்க, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கங்க. தூங்கும்போது மட்டும் மல்லாக்கதான். அதுல யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க!"

வீட்டிலும் வியாதி இதுதான். கட்டிலின் தலைமாடு அடிக்கடி திசை மாறும். தொலைக்காட்சி போன மாதம் இருந்த சுவரில் இந்த மாதம் இருக்காது. விருந்தாளிகளிடம் அவள் கணவர் தன் பின்தலையைத் தட்டிக் காட்டுவார். "நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடியே இது கெட்டியாயிடுச்சு."

கோபக்காரி. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. உலகத்தில் எந்தக் குழந்தைக்கு எது கோணிப்போனாலும் பெற்றவள்தான் குற்றவாளி, விசாரணையே கிடையாது. ஒரு நாள் ஒரு மாமியார், மருமகளையும் பேரனையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். மருமகள் சிறு பெண். அழுது வீங்கிய கண். பேரன் வலப்பக்கம் மட்டுமே பார்க்கிறவன்; வலப்பக்கப் பின்மண்டை அரிவாளால் சீவிய இளநீர்போல் இருந்தது.

"இவ படுக்க வச்ச லட்சணத்தைப் பாருங்கம்மா. செல்போனை நோண்டிக்கிட்டு ஒரே பக்கமா போட்டு வச்சிருக்கா."

"மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னது யாரு? நாங்க. அது உயிரைக் காப்பாத்துற விஷயம், சொன்னது சரிதான். மீதிப் பாதியைச் சொல்லாம வீட்டுக்கு அனுப்புனதும் நாங்கதான். கழுத்துல ஒரு தசை இறுகிக் கெடக்கு, அதனால அவனால இடப்பக்கம் திரும்ப முடியல. இதுல இவ தப்பு எங்கங்க இருக்கு?"

"அப்ப மண்டை இப்படியே நின்னுருமா?"

"எலும்பு இன்னும் இளசா இருக்கு. இப்ப திருப்பினா திரும்பும். போகப்போக இறுகிடும், அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அது சரி, வீட்டுல நீங்க எந்தப் பக்கம் உக்காந்து இவளைத் திட்டுவீங்க?"

மாமியார் பேரனின் வலப்பக்கம் கை காட்டினார்.

"அந்தப் பக்கம் போய் உக்காந்து திட்டுங்க. சத்தம் கேட்டாவது திரும்பட்டும்."

மருமகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு அக்கா அங்கேயே 'நீதிபதி' என்று பெயர் வைத்தாள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவனாம்.

இத்தனை நியாயம் பேசுகிற மனுஷிக்குள் ஒரு பொறாமை குடியிருக்கிறது. சின்னஞ்சிறு பொறாமை இல்லை, மூன்று வேளையும் தின்று வளர்ந்த பொறாமை. மாவுக்கட்டு அறைக்காரரைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அவர் போட்ட மாவுக்கட்டின்மேல் பிள்ளைகள் பூவும் பூனையும் வரைந்துகொண்டு திரிகிறார்கள். தரை துடைக்கும் அம்மாளைப் பார்த்தாலும் எரியும். துடைப்பம் போகிற வழியெல்லாம் குழந்தைகளின் கண் போகிறது. இவளுக்குக் கிடைப்பது பிடரிதான். தொழில் அப்படி. நீதிபதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய வலத் தோளை அசையாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் போகவைக்க வேண்டும். முகம் யாரையாவது பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். இவள் பக்கம் முகம் திரும்பினால், அது அழுவதற்காகத் திரும்பியதாக இருக்கும். தலை உருண்டையாகி வந்த பிறகாவது பெயர் உண்டா? "தானா சரியாயிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பொறாமையின் பெரும்பங்கு மயிலிறகுக்கு. மயிலிறகு அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள்; அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் இவள்தான். மாணவிகளாக இருந்தபோதே, இவள் கையில் வீறிட்ட குழந்தை அவள் கைக்கு மாறினால் கப்சிப் ஆகிவிடும். காரணத்தை இவள் ஆராய்ந்து பார்த்திருக்கிறாள். வெதுவெதுப்பான உள்ளங்கை, அவசரமில்லாத மூச்சு, தொண்டைக்குள்ளேயே சுற்றுகிற ஒரு ரீங்காரம். அதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் பொறாமை குறைந்துவிடும் என்று எந்தப் பாடத்திலும் எழுதவில்லை. மயிலிறகு இப்போது நாலு தெரு தள்ளித் தனியாகச் சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறாள். மங்கலான விளக்கு, மெல்லிய இசை. இரண்டு விரலைக் குழந்தையின் மண்டைமேல் பூப்போல வைத்து, கண்ணை மூடி, "எலும்புங்க பேசும், கேக்கத் தெரியணும்" என்கிறாள். சுவரெல்லாம் உருண்டைத் தலைகளின் படங்கள். அவற்றில் சில தலைகளை இவள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். தானே திருப்பித் திருப்பி உருட்டிய தலைகள்!

நீதிபதி வருவது நின்றது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். 'எலும்பு நமக்காகக் காத்திருக்காதே' என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் எங்கே போகிறான் என்று துடைப்பக்கார அம்மாள்தான் சொன்னார். அன்று மாலை வேலை முடிந்ததும் நேரே மயிலிறகின் வாசலில் போய் நின்றாள்.

"வாடி. வேவு பாக்க வந்தியா?"

"ஆமா. வெளக்கைக் கம்மி பண்ணிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

"வெளிச்சம் கம்மியா இருந்தாதான் குழந்தை அடங்கும்."

"அடங்கும். திரும்புமா?"

உள்ளே சின்னக் கட்டிலில் நீதிபதி படுத்திருந்தான். தாய் எழுந்து நின்றாள். திருடிவிட்டு அகப்பட்டவள்போல் முகம். "கோச்சுக்காதீங்கக்கா. உங்ககிட்ட வந்தா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழறான். புள்ளையைச் சித்ரவதை பண்றேன்னு அத்தை வேற என்னைத்தான்... இங்க வந்தா அழறதே இல்லக்கா."

உண்மைதான், அழவில்லை. விளக்கு அவனுக்கு வலப்பக்கம் இருந்தது. மயிலிறகின் நாற்காலியும் வலப்பக்கம். நீதிபதி சுகமாக வலப்பக்கம் திரும்பி, தட்டை மண்டையை மெத்தையில் அழுத்திக்கொண்டு, மயிலிறகைப் பார்த்துப் பொக்கைவாய் காட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் இப்படித்தான் கிடந்திருக்கிறான்.

அக்காவுக்கு நாக்கு நுனியில் தேன் ஊறியது. தாயிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மயிலிறகின் கடை அன்றோடு காலி. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன், எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இடப்பக்கம் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினாள். நீதிபதி அசையவில்லை. தாயையும் அங்கே நின்று கூப்பிடச் சொன்னாள். கண் மட்டும் பாதி தூரம் வந்தது, கழுத்து வரவில்லை. அதற்குள் மயிலிறகு அங்கிருந்தே தன் ரீங்காரத்தைத் தொடங்க, இவன் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு துள்ளினான்.

வலிக்கிற கழுத்தை ஒரு குழந்தை தானாகத் திருப்ப வேண்டுமானால், அந்தப் பக்கம் அதற்கு அவ்வளவு வேண்டிய ஒன்று இருக்க வேண்டும். நீதிபதிக்கு வேண்டியது அந்த ரீங்காரம். அக்காவுக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தொண்டையை விட்டு இறங்கத்தான் நேரம் பிடித்தது.

"நீ அந்தப் பக்கம் போய் உக்காரு."

"இது என் இடம்டி. இங்க வந்தும் அந்தப் பக்கம், இந்தப் பக்கமா? நான் எலும்பைக் கேக்கறேன்."

"எலும்பு பேசினா முதல்ல உன்னைத்தான் திட்டும். தட்டையான பக்கத்தையே அழுத்திப் படுக்க வச்சிருக்கே. பாரு."

மயிலிறகு பார்த்தாள். படித்தவள்தானே, முகம் கறுத்தது. "அப்ப நான் தொடக் கூடாதா?"

"தொடு. அந்தப் பக்கம் உக்காந்து தொடு. ஆனா பாட்டை நிறுத்திடாதே."

விளக்கை அக்காவே தூக்கி இடப்பக்கம் வைத்தாள். நாற்காலியையும் வைத்தாள். பிறகு வலப்பக்கம் தரையில் மண்டியிட்டு, நீதிபதியின் வலத் தோளில் உள்ளங்கையைப் பதித்தாள். அந்தப் பக்கம் ரீங்காரம் எழுந்தது. முதலில் கண் போனது, பிறகு மூக்கு போனது. தலை நடுவில் வந்து நின்றது, அவன் முனகினான். மறுபடி ரீங்காரம் கேட்டதும், முகவாய் கொஞ்சம் கொஞ்சமாக இடத் தோளை நோக்கி ஊர்ந்தது. அவன் அழவில்லை.

"உங்க கை பட்டதாலதான்!" என்று தாய் மயிலிறகின் கையைப் பிடித்துக்கொண்டாள். மயிலிறகு மறுக்கவில்லை. அக்கா தன் கையை எடுக்கவும் இல்லை. எடுத்தால் தோள் புரண்டுவிடும்.

இப்போது வேலை முடிந்த மாலைகளில் அவள் அங்கே போகிறாள். போகும்போதும் பொருமல், வரும்போதும் பொருமல். "அவ பாடுவாளாம், நான் தோளைப் புடிக்கணுமாம். கச்சேரிக்குப் பெஞ்சு தூக்கறவ மாதிரி!" என்கிறாள் கணவரிடம். அவர் சத்தமில்லாமல் தொலைக்காட்சியைப் பழைய சுவருக்குக் கொண்டுபோய்விட்டார். அவள் இன்னும் கவனிக்கவில்லை. மாமியார் வீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்துதான் திட்டுகிறாராம். நீதிபதியின் வலப்பக்கத் தட்டை, உள்ளங்கைக்குத் தெரிகிற அளவுக்கு மேடேறி வருகிறது. அந்தத் தலையின் படமும் ஒரு நாள் மயிலிறகின் சுவரில் ஏறும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

போன வாரம் நீதிபதி முழுசாகவே இடப்பக்கம் திரும்பி மயிலிறகைப் பார்த்துச் சிரித்தான். அக்காவுக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை. பின்னாலிருந்து, அவன் காது மேலேறுவதும் கன்னம் ஓரத்தில் உப்புவதும்தான் தெரிந்தன. "இன்னும் கொஞ்சம்டா, ராசா" என்றாள், தன்னையறியாமல்.

உப்பிய கன்னம் ஒரு கணம் அசையாமல் நின்றது. ரீங்காரத்தை அப்படியே விட்டுவிட்டு, நீதிபதி அந்தக் குரல் வந்த திசையைத் தேடினான். முகம் சிரித்தபடியே, மெல்ல, மறுபடி அந்தத் தட்டை விழுந்த வலப்பக்கமாக, இவளை நோக்கித் திரும்பத் தொடங்கியது.

அவன் பார்வை வந்து சேர்வதற்குள், தோளிலிருந்து கையை எடுக்காமல், அவள் தன் தலையைக் கட்டிலுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.