எஞ்சின் தகட்டில் இருந்த ஓர் எழுத்து

ஒரு காரை விற்பதில் இவ்வளவு தொல்லை இருக்கும் என்று தெரிந்திருந்தால் அதைக் கொட்டிலோடு உக்க விட்டிருப்பேன். கணவர் காலமாகி இரண்டு வருடம். அவர் ஒருவர்தான் அதை ஓட்டுவார். கொழும்பில் பழைய கார்கள் சேர்க்கிற ஒரு தம்பி ஆசையாகக் கேட்டார், சரி என்றேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

“அக்கா, எஞ்சினிலை ஒரு சின்னத் தகடு ஆணி அடிச்சு இருக்கும். அதிலை வெட்டியிருக்கிற எழுத்தும் நம்பரும் வேணும். படம் எடுத்து அனுப்புங்கோ.”

தகடு கண்ணில் பட்டால் அல்லவா அனுப்புவதற்கு? அந்த எஞ்சினில் சந்தனம் பூச வாகான தட்டையான இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு வாணிவிழாவுக்கும் ஆயுதபூசை என்று கணவர் அங்கேதான் சந்தனமும் குங்குமமும் அப்புவார். அது காய்ந்து கறுத்தால் வடிவில்லை என்று மேலே சில்வர் பெயின்ற் அடிப்பார். அடுத்த வருடம் அதற்கு மேல் திரும்பவும் சந்தனம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. இரண்டு அங்குலம் தள்ளிப் பூசியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல்லுப் பிறஷால் உரஞ்சி, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. படம் அனுப்பினால், “விளங்கேல்லை அக்கா, இன்னும் கொஞ்சம் உரஞ்சுங்கோ” என்று பதில் வந்தது.

நான் போனைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதே எஞ்சினால்தான் எனக்கும் அடுத்த வளவில் இருக்கும் அண்ணைக்கும் இருபது வருடமாகப் பேச்சில்லை. அப்பா வாடகைக்கு ஓட்டிய ஏ ஃபோட்டி கார் அது. எனக்குச் சீதனமாகத் தந்தார். கலியாணத்தோடு நாங்கள் கொழும்புக்குப் போய்விட, கார் அண்ணையின் பொறுப்பில் நின்றது. சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் ஊருக்கே திரும்பி வந்து காரை எடுத்தோம். நாலு பேர் ஏறினால் இழுக்கவில்லை. “உம்மடை அண்ணை நல்ல எஞ்சினைக் கழட்டி வித்துப்போட்டு, ஏதோ பழசைப் பூட்டியிருக்கிறார்” என்றார் கணவர். அண்ணையிடம் கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அப்பாவின் செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றோம். எஞ்சின் மாறியதா இல்லையா என்பதை இந்தத் தகடாவது சொல்லட்டும் என்று உரஞ்சினேன்.

கடைசியில் எழுத்துகள் தெரிந்தன. அனுப்பிய கையோடு அந்தத் தம்பி கதைத்தார்.

“நடுவிலை நிக்கிற எழுத்தைப் பாருங்கோ அக்கா. எச் எண்டால் கார் எஞ்சின். உங்கடையிலை எல் எண்டு கிடக்கு. அது சாமான் வானுக்குப் போடுறது, அமுக்கம் குறைவு. மண்ணெண்ணெயிலை ஓட அதுதான் சுகம். ஒறிஜினல் இல்லையெண்டால் எனக்கு வேண்டாம்.”

அவர் வேண்டாம் என்றது என் காதில் ஏறவில்லை. மண்ணெண்ணெய் என்ற சொல்தான் ஏறியது. சண்டைத் தடையால் பெற்றோல் வராத காலத்தில், என் கலியாணத்துக்கு முதல், மண்ணெண்ணெயில் அந்தக் காரை ஓட்டியவர் அப்பா. அண்ணையின் கைக்கு அது போனபோது பெற்றோல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் எஞ்சினைத் தேடிப் பிடித்து யார் பூட்டப்போகிறார்கள்?

ஒழுங்கையால் சுற்றிப் போகப் பொறுமையில்லை. வேலியில் இருந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து போனேன். அண்ணை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார்.

“எஞ்சினை மாத்தினது அப்பாவோ?”

“ஓம்.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“கழட்டினதே நானும் அப்பாவும்தானே.”

“பிறகேன் வாய் திறக்கேல்லை? இவர் உங்களைக் கள்ளன் எண்டு சந்தியிலை நிண்டு கதைச்சவரெல்லே?”

அண்ணை மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். “நல்ல எஞ்சின் எண்டு சொல்லித்தான் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குக் காரைக் குடுத்தவர். மாமன் ஏமாத்திப்போட்டார் எண்டு தெரிஞ்சால் உன்ரை மனுசன் காலம் முழுக்க உன்னையெல்லே குத்திக் காட்டியிருப்பார். மச்சான் கள்ளனெண்டால் அது மச்சானோடை போகும்.”

எனக்கு அழுகை வரவில்லை. கண்மண் தெரியாத கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எனக்காக இந்த மனிதர் இருபது வருடம் கள்ளனாக இருந்திருக்கிறார்.

“என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே” என்று கத்தினேன்.

“சொல்லியிருந்தால் நீ அண்டைக்கே அவரோடை சண்டைக்குப் போயிருப்பாய்.”

போய்த்தான் இருப்பேன். அண்ணைக்கு அது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.